எச்பி ஏ1சி: 'ஒட்டுசர்க்கரை' சரிப்படுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பி ஏ1சி (HbA1c) பரிசோதனைக்கு, மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் குழுவில் முன்வைத்த 'சர்க்கரையேற்றக் குருதிப்புரத அளவீடு' என்பதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அதைக் காரிமங்கலத்தில் இருக்கும் என் பெரியம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார்.

எங்கள் பக்கம் லேபில் 'மூணு மாச சுகர்' என்பார்கள். அதுவே போதும் என்றுதான் நானும் இருந்தேன். பெரியம்மாவுக்கு 72 வயது. இரவில் நாலு தடவை எழுந்து போவார், உள்ளங்காலில் எரிச்சல் வேறு. எல்லாம் வயசுக் கோளாறு என்று விட்டிருந்தார். போன வருஷம் வெறும் வயிற்றில் எடுத்தபோது 118. நீரிழிவுக்கான 126-ஐத் தொடவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வயதானவர்களில் பலருக்கு வெறும் வயிற்றில் அடங்கியிருப்பது சாப்பிட்ட பிறகுதான் எகிறும். போன மாதம் மறுபடி கூட்டிப் போனேன். "மூணு மாச சுகர் பார்த்துடலாம் பாட்டி" என்றார் லேப் பையன். "அப்ப மூணு மாசம் கழிச்சே வர்றேன் கண்ணு" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். பிடித்து உட்காரவைத்து ரத்தம் எடுத்தோம். 8.1 சதவீதம். 6.5 வந்தாலே நீரிழிவு.

அதனால் என் பரிந்துரை 'ஒட்டுசர்க்கரை'. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினால் அந்த அணு சாகும்வரை, ஏறக்குறைய 120 நாள், விடாது. டெஸ்டுக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் களியும் கீரையுமாக இருந்து ஏமாற்ற முடியாததும் இதனால்தான். மாங்கன்றில் ஒட்டுக் கட்டிப் பழகிய போச்சம்பள்ளிக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நடுவில் 'ச்' போடாதீர்கள். ஊறுகாய் போல இது வினைத்தொகை: ஒட்டிய, ஒட்டுகிற, ஒட்டும் சர்க்கரை. மூன்று மாதமாக நடந்துகொண்டே இருப்பதை அளக்கும் பரிசோதனைக்கு முக்காலமும் பொருந்துவது எனக்கே சந்தோஷமாக இருந்தது.

இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் இந்த எண் கூடுதலாகக் காட்டக்கூடும். சொல் விளக்கத்தில் அதையும் ஒரு வரி சேர்க்கலாம்.

இருந்தும் பரிசோதிக்காததால் தெரியாமல் போன நீரிழிவுக்கு இங்கே சொல்லப்பட்ட 'மறை நீரிழிவு' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. நோய் ஒளிந்துகொள்ளவில்லை, நாம்தான் பார்க்கவில்லை. 'கண்டறியாத நீரிழிவு' இருக்கட்டும், நீளமானாலும் பரவாயில்லை. வீடு தேடி வந்து சுகர், பிரஷர் பார்க்கும் அரசுத் திட்டமான 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்டில் தொடங்கியதே எங்கள் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வாசலில் நின்று ஒருவர் சொல்ல, திண்ணையில் இருப்பவருக்குப் புரிகிற சொல்லாக வேண்டும்.

அப்புறம், இந்தப் பரிசோதனையில் 5.7 முதல் 6.4 சதவீதம் வரை, அதாவது நீரிழிவுக்குச் சற்றுக் கீழே, இருப்பவர்களுக்கு என்ன சொல்வது? 'முன்நீரிழிவு' என்றால் நோய் வந்தே தீரும் என்று ஆள் பயந்துவிடுகிறார். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.