பூவரசில் செதுக்கிய கியர் பிடி ஏன் வெடித்தது?

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
வணக்கம். கார்த்திகை மாதக் காற்றில் எங்கள் தோப்பு வரப்பில் சாய்ந்த பூவரச மரத்தின் கிளையொன்றை அறுத்து, என் காருக்கு ஒரு கியர் பிடியை உளியாலும் அரத்தாலுமே செதுக்கினேன். காங்கேயம் காளையின் திமிலைப் போல மேற்புறம் எழும்பி, உள்ளங்கைக்குள் அடங்கும் வடிவம் வருவதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. உப்புத்தாளால் தேய்த்து, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைப் பூசி மாட்டினேன். சித்திரை வெயிலில் இரண்டே வாரத்தில், நடுவிலிருந்து விளிம்பு வரை நகம் நுழையும் அளவுக்கு வெடித்துவிட்டது. எண்ணெயும் காயாமல் பிசுபிசுக்கிறது; மரத்திலேயே வெட்டிய மரையும் தளர்ந்து ஆடுகிறது. மரம் தவறா, என் கை தவறா?

கடைசல் பட்டறை, கோவை:
இரண்டும் இல்லை, தம்பி, அவசரம்தான் தவறு. வெடிப்பு நடுவிலிருந்து கிளம்பியது என்பதால், கிளையின் நடுத்தண்டை, அதாவது வளையங்களின் மையத்தில் ஓடும் பகுதியை, பிடிக்குள்ளேயே விட்டுவிட்டீர்கள் என்று தெரிகிறது. மரம் காயும்போது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைவிட வளையங்களின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். ஆகவே, நடுத்தண்டோடு கூடிய முழு உருளை எங்காவது பிளந்துதான் தீரும். காற்றில் உலர ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. உங்கள் கிளைக்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. வெயிலில் கண்ணாடி மூடி நிற்கும் காருக்குள் வெப்பம் 60 பாகையைத் தொட்டுவிடும். பச்சை மரம் அதைத் தாங்காது. மீதிக் கிளையை நீளவாக்கில் பிளந்து, நடுத்தண்டை நீக்கி, இரு முனைகளிலும் மெழுகு பூசி நிழலில் அடுக்குங்கள். அதுவரை பொறுக்க முடியாவிட்டால், பழைய நிலைக்கதவுச் சட்டமோ ஒடிந்த வண்டி நுகமோ கிடைக்கிறதா என்று பாருங்கள். பல பத்தாண்டுகள் உலர்ந்த வைரம் பாய்ந்த மரம் அது.

மரையை மரத்தில் வெட்டாதீர்கள். கடைசலில் உள்ளே மரை வெட்டிய ஒரு பித்தளைப் புஷ் (சிறு குழாய்) செய்து, எபாக்சி பசையால் உள்ளே பதியுங்கள். கியர் தண்டின் மரை 8, 10, 12 மில்லிமீட்டர் என்று வண்டிக்கு வண்டி மாறும், ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளியும் மாறும். பழைய பிடியைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுவதே நல்லது. ரிவர்ஸ் போட வளையத்தைத் தூக்க வேண்டிய வண்டியாக இருந்தால், புதுப் பிடி அதன்மேல் இடிக்காதபடி அடிப்புறத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தச்சன், கோபி:
எண்ணெயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் தலைக்கும் சமையலுக்கும் உகந்தது. மரத்தின்மீது அது எந்நாளும் காயாது. காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி இறுகும் தன்மையுடையது. மெல்லியதாகப் பூசி, கால்மணி நேரத்தில் துடைத்து, மறுநாள் அடுத்த பூச்சு என மூன்று முறை செய்யுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். நீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.

இன்னொன்று: இந்த ஆர்வத்தில் ஸ்டீயரிங் நடுவிலோ, காற்றுப்பையை (ஏர்பேக்) மூடியுள்ள டாஷ்போர்டு பகுதியிலோ மரச் சிற்பம் எதையும் ஒட்டிவிட வேண்டாம். பை விரியும் வேகத்தில் அது முகத்தில்தான் வந்து அடிக்கும்.

தோப்புக்காரன், பொள்ளாச்சி:
இருவருக்கும் நன்றி, ஐயா. மாட்டுக்கொட்டகைப் பரணில் தாத்தா காலத்து நுகத்தடி ஒன்று கிடக்கிறது. அதன் ஒரு முனையில் உளி வைத்துப் பார்த்தேன். மூன்று தட்டுக்கு ஒரு சீவல்கூட முழுதாக எழவில்லை. இன்று மாலை உளியைச் சாணை பிடிக்கக் கொடுக்கிறேன்.