போய்டு பார்க் கடைப்பெயர் பொறித்த லெஷர் வெள்ளி

லெஷர் டாலரை, அதாவது அமெரிக்காவின் கொலராடோவில் ஜோசப் லெஷர் என்பவர் தனியாக அடித்து வெளியிட்ட வெள்ளிக் காசைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது டென்வரில், ஒரு நாணயக் கண்காட்சியில். பழைய டோக்கன் விற்கும் பெரியவரின் மேசையில் வட்டக் காசுகளுக்கு நடுவே எட்டு மூலையோடு இது மட்டும் தனியாகத் தெரிந்தது. ஓரத்தைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். நல்ல கனம்.

1901-ஆம் ஆண்டுக் காசு. 'நினைவுப் பதக்கம்' என்ற எழுத்து, விலை 1 டாலர், தயாரித்த ஊர் விக்டர், கொலராடோ. பின்பக்கம் லென்ஸ் வைத்துப் பார்த்தால் போய்டு பார்க் என்ற பெயர். டென்வரில் நகைக்கடை வைத்திருந்தவர். அவர் கடையில் இதைக் கொடுத்துச் சரக்கு வாங்கலாம் என்பதுதான் வாசகம். கூடவே வரிசை எண். எண்ணைத் தனியாக அடித்திருக்கிறார்கள். இலக்கங்கள் ஒரே நேர்க்கோட்டில் நிற்கவில்லை. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு காசும் ஒருவர் கைப்பட்டு வெளியே போயிருக்கிறது.

ஜோசப் லெஷர் வெள்ளிச் சுரங்கத்தில் காலம் கழித்தவர். 1893-இல் அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை நிறுத்தியதும் கொலராடோவின் சுரங்க ஊர்கள் பல படுத்துவிட்டன. 1900-இல் ஒரு அவுன்ஸ் வெள்ளி சந்தையில் அறுபது சொச்சம் சென்ட்தான். 16 அவுன்ஸ் வெள்ளிக்கு 1 அவுன்ஸ் தங்கம் என்ற பழைய விகிதப்படி பார்த்தால் 1.29 டாலர் பெற வேண்டியது. லெஷர் முதலில் அடித்த காசுக்கு வைத்த விலை 1.25 டாலர். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே மனுஷனின் ஆதங்கம் புரியும். இதைக் காசாக ஏற்பதும் மறுப்பதும் மக்கள் இஷ்டம் என்று விட்டார். விக்டரில் மளிகைக்கடை நடத்திய பம்ஸ்டெட் துணிந்து ஏற்றுக்கொண்டார். 1900-ஆம் ஆண்டுக் காசிலேயே அவர் பெயர் இருக்கிறது. பிறகு கிரிப்பிள் கிரீக், புவெப்லோ, சலைடா என்று மற்ற ஊர்க் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

தனியார் நாணயம் அடிக்கக் கூடாது என்று 1864-லேயே சட்டம் வந்துவிட்டது. இவ்வளவு பேர் பகிரங்கமாகத் தங்கள் பெயரைக் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை. வெள்ளியின் எடையைவிட, காசை நீட்டினால் மறுக்காமல் சாமான் கட்டிக்கொடுக்க ஒரு கடைக்காரர் இருந்ததே இதற்கு மதிப்பு என்று நினைக்கிறேன்.

பெயர் பொறிக்காமல் வெற்றிடம் விட்டவையும் உண்டு. அப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் எழுதுங்கள். வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி படம் இருந்தால் இன்னும் நல்லது.