குறி தப்பாத குண்டு, பிறகும் பொதுமக்கள் சாவது ஏன்?

கதிர்: இலக்கு நோக்கி வழிநடத்தப்படும் குண்டுகள் குறியிலிருந்து சில மீட்டருக்குள் அடிக்கின்றன என்கிறார்கள். பிறகும் அக்கம்பக்கத்தார் சாகிறார்களே? ஒரு தளபதியைக் கொல்ல இத்தனை பேர் வரை சாகலாம் என்று சட்டத்தில் கணக்கு இருக்கிறதா?

நிலவன்: கணக்கு எதுவும் கிடையாது. போர்ச் சட்டமான ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977-ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை, 51-ஆவது பிரிவு: எதிர்பார்க்கப்படும் பொதுமக்கள் இழப்பு, திட்டவட்டமான நேரடி ராணுவ ஆதாயத்தோடு ஒப்பிட்டால் மிதமிஞ்சி இருக்கக்கூடாது. கடைசியில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது மட்டும் தீர்ப்பைச் சொல்லிவிடாது. உத்தரவிட்டபோது என்ன தெரிந்திருந்தது, முயன்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும் என்றே பார்ப்பார்கள். 2002-இல் காஸாவில் ஹமாஸ் தளபதி ஒருவரின் வீட்டில் ஒரு டன் குண்டு போட்டார்கள். அவரோடு பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பலர் குழந்தைகள். இஸ்ரேல் அமைத்த ஆணையமே விளைவு அளவுமீறியது என்று ஒப்புக்கொண்டு, உளவுத் தகவலின் குறையைக் காரணம் காட்டியது. ஓட்டை இங்கேதான்: தகவல் எவ்வளவு மோசமோ, தப்பிப்பது அவ்வளவு எளிது.

ஆயிஷா: தப்பிப்பது அவ்வளவு எளிதில்லை, நிலவன். இலக்கைச் சரிபார்க்க இயன்றதனைத்தையும் செய்யவேண்டும் என்கிறது 57-ஆவது பிரிவு. ஆள் யாரென்று ஐயம் இருந்தால் பொதுமகன் என்றே கொள்ளவேண்டும், அது 50-ஆவது பிரிவு.

கதிர், விழும் இடத்தின் துல்லியம் வேறு, ஆளை அடையாளம் காண்பது வேறு. காபூலில் 2021 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்க ஏவுகணை குறிவைத்த காரிலேயே விழுந்தது. மணிக்கணக்கில் கண்காணித்த பிறகும், தண்ணீர்க் கேன்களை வெடிபொருளாக நினைத்துவிட்டார்கள். செத்த 10 பேரும் பொதுமக்கள், 7 பேர் குழந்தைகள். முதல் சந்தேகம் விழுந்துவிட்டால் அடுத்துப் பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சியாகிவிடும். அதனால் 'இவர் பொதுமகனாக இருந்தால்?' என்று எதிர்வாதம் வைக்கவே, தாக்குதல் குழுவுக்கு வெளியே ஒருவர் வேண்டும்.

மறைமலை: ஆப்கானிஸ்தானில் அமெரிக்க விமானம் தாக்கிய குந்தூஸ் மருத்துவமனையையும் சேர்த்துக்கொள்ளுங்கள் (2015, 42 பேர் பலி). அது தாக்கக்கூடாதவை பட்டியலில் இருந்தது, ஆனால் விமானத்தின் கணினியில் பட்டியல் ஏறவில்லை. இலக்கின் இடம் என்று கொடுத்த ஆயத்தொலைவு (வரைபட எண்கள்) வெற்று நிலத்தைக் காட்ட, குழுவினர் வர்ணனைக்குப் பொருந்திய கட்டடத்தைத் தேடிச் சுட்டார்கள்.

நிலவன்: ஆயிஷா சொல்வது சரி, ஆனால் ஆயுதத் தேர்வும் 57-இல்தான் வருகிறது. ஹெல்ஃபயர் ஏவுகணையின் வெடிமுனை சுமார் 9 கிலோ, மார்க்-84 குண்டின் எடை ஏறக்குறைய 900 கிலோ. இரண்டும் ஒரே ஜன்னலில் விழலாம், பக்கத்து வீட்டுக்கு ஆகும் கதி ஒன்றல்ல. தாமத வெடிப்பு, தாக்கும் கோணம், தெரு காலியாகும் நேரம், இத்தனையும் பார்த்த பிறகுதான், இழப்பு ஆதாயத்தை மிஞ்சுகிறதா என்ற விகிதாசாரக் கேள்வியே வரும்.