சிதைந்துபோன பழைய வேர்டு கோப்புகளிலிருந்து எழுத்துகளை மீட்பது எப்படி?

ஏட்டுச்சுவடி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் ஆய்வு நெறியாளர் 1998 முதல் 2004 வரை மைக்ரோசாஃப்ட் வேர்டில் தட்டச்சு செய்து வைத்திருந்த சொல்லடைவுக் கோப்புகள் இப்போது என் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றுக்கு அச்சுப்படி எதுவும் இல்லை. ஃபிளாப்பியிலிருந்து குறுந்தகட்டுக்கும், குறுந்தகட்டிலிருந்து வன்தட்டுக்கும் மாறி மாறி வந்ததில் பல கோப்புகள் சிதைந்துவிட்டன என்று நினைக்கிறேன்.

எல்லாக் கோப்புகளிலும் ஒரே சிக்கல் இல்லை. சில கோப்புகள் திறக்கின்றன. ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே தெரிகிறது. ஒரு பெரிய கோப்பு நன்றாகத் திறக்கிறது. குறிப்பிட்ட ஓர் அட்டவணையை நெருங்கியதும் மென்பொருள் அப்படியே உறைந்துவிடுகிறது. இன்னும் சில கோப்புகளைத் திறக்க முயன்றால், ஆவணம் சிதைந்திருக்கலாம் என்ற செய்தி மட்டுமே வருகிறது. கோப்புப் பெயரில் ".doc" போன்ற பின்னொட்டே இல்லாத சில ஆங்கிலக் கோப்புகளில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் விநோதமான குறியாக மாறியிருக்கிறது.

பழைய கணினி ஒன்றில் வேர்டு 2000 இன்னும் வேலை செய்கிறது. அதில் வைத்தே இவற்றைச் சரிசெய்து, மறுபடி சேமித்துக்கொள்ளலாமா? வடிவமைப்பு போனாலும் எனக்குக் கவலையில்லை. பதிவுகள் மட்டும் பிழையின்றிக் கிடைத்தால் போதும்.

நிரலர்

வணக்கம். தயவுசெய்து அந்தப் பழைய கணினியில் எந்தக் கோப்பையும் திறந்து "சேமி" என்பதை அழுத்திவிடாதீர்கள். தனக்குப் புரியாத பகுதியை வேர்டு விட்டுவிட்டுத் திறந்திருந்தால், சேமிக்கும் அந்த நொடியிலேயே விடுபட்ட பகுதி கோப்பிலிருந்து நிரந்தரமாகப் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் வேறொரு வட்டுக்கு நகலெடுத்து, மூலங்களைப் படிக்க மட்டும் என்ற நிலையில் பூட்டி வையுங்கள். இனிச் செய்வதெல்லாம் நகலின் மீதுதான் நடக்க வேண்டும்.

அடுத்து, சிதைந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும். வேர்டு 97 முதல் 2003 வரையிலான "டாக்" (.doc) கோப்பு, தனக்குள்ளேயே ஒரு சிறு வட்டைப் போலக் கட்டப்பட்டது. 512 பைட்டு கொண்ட பிரிவுகளும், எந்தப் பிரிவுக்குப் பின் எந்தப் பிரிவு வருகிறது என்று சொல்லும் ஒதுக்கீட்டு அட்டவணையும் அதில் உண்டு. எழுத்துகள் ஓர் ஓடையிலும் (கோப்புக்குள் இருக்கும் தனித் தரவுப் பகுதி), அவற்றின் வரிசையைச் சொல்லும் தகவல் இன்னோர் ஓடையிலும் இருக்கின்றன. ஒதுக்கீட்டு அட்டவணையில் சில பைட்டுகள் பழுதானாலே கோப்பு முழுவதும் கெட்டுவிட்டதாக வேர்டு சொல்லிவிடும். ஆனால் எழுத்துகள் பெரும்பாலும் அப்படியே உள்ளே கிடக்கும். இதைத் தாங்கள் நம்பிக்கையாகக் கொள்ளலாம்.

திறக்காத கோப்பை ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் (கோப்பின் பைட்டுகளைப் பதினாறடிமான எண்களாகக் காட்டும் மென்பொருள்) பாருங்கள். தொடக்கத்தில் "டி0 சிஎஃப் 11 ஈ0" (D0 CF 11 E0) என்ற பைட்டுகள் இருந்தால் அது மேற்சொன்ன வகைக் கோப்பு; தலைப்பகுதி பிழைத்திருக்கிறது என்று பொருள். பிறகு கீழே நகர்ந்து வாருங்கள். ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை (0B80–0BFF); எனவே ஒருங்குறித் தமிழ் உள்ள இடங்களில் ஒன்றுவிட்டு ஒரு பைட்டு "0பி" என்றே வந்துகொண்டிருக்கும். "95 0பி" என்று கண்டால் அது ககரம், "85 0பி" என்றால் அகரம். இந்தத் தாளம் பக்கம் பக்கமாகத் தெரிந்தால் தங்கள் பதிவுகள் அழியவில்லை. மாறாக, கோப்பு முழுவதும் சுழியங்களாகவே இருந்தால், நகலெடுக்கும்போதே உள்ளடக்கம் வராமல் போயிருக்கிறது. அதை எந்த மீட்பு மென்பொருளாலும் உண்டாக்கித் தர முடியாது. அதற்குப் பழைய ஃபிளாப்பியையோ குறுந்தகட்டையோதான் மீண்டும் தேட வேண்டும்.

எழுத்துகள் இருப்பது உறுதியானால், கோப்பின் நகலை முதலில் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து பாருங்கள். வேர்டு மறுக்கும் பல கோப்புகளை அது ஏற்றுக்கொள்கிறது. வேர்டு 2002 முதல் உள்ள "திறந்து பழுதுபார்" வசதியையும் நகலின் மீது முயலலாம். இரண்டும் தோற்றால், யூடிஎஃப்-16 லிட்டில் எண்டியன் என்ற குறியேற்றத்தை (எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறை; இது ஒருங்குறிக்கு உரியது) தேர்ந்தெடுக்க இடம்தரும் ஓர் உரை எடிட்டரில் கோப்பைத் திறந்தால், குப்பைக் குறிகளுக்கு நடுவே தமிழ் பளிச்சென்று தெரியும். ஆங்கிலம் மட்டுமே உள்ள பகுதிகளை வேர்டு எழுத்துக்கு ஒரு பைட்டாகச் சுருக்கி வைத்திருக்கக்கூடும் என்பதால், அவை இந்தப் பார்வையில் குப்பையாகவே தெரியும். அவற்றுக்காக அதே கோப்பை, எழுத்துக்கு ஒரு பைட்டு கொண்ட விண்டோஸ்-1252 குறியேற்றத்தில் மறுபடி ஒருமுறை திறக்க வேண்டும்.

உறைந்துபோகும் கோப்பு வேறு வகை. அங்கே கோப்பின் கூடு கெடவில்லை. ஓர் அட்டவணையின் அமைப்புத் தகவல் மட்டும் கெட்டிருக்கிறது. பக்கப் பார்வையில் திறந்தால் வேர்டு பக்கங்களைக் கணக்கிட முயன்று அந்த அட்டவணையில் மாட்டிக்கொள்ளும். சாதாரணப் பார்வைக்கு மாறி, பின்னணியில் பக்கமிடுவதை நிறுத்திவிட்டு, கெட்ட அட்டவணைக்கு முன்னுள்ள பகுதியையும் பின்னுள்ள பகுதியையும் தனித்தனியாகப் புதிய ஆவணத்தில் ஒட்டுங்கள். ஒட்டும்போது ஆவணத்தின் கடைசிப் பத்திக் குறியைச் சேர்த்து எடுக்க வேண்டாம். கடைசிப் பிரிவின் வடிவமைப்பு முழுவதும் அந்தக் குறியில்தான் பதிந்திருக்கிறது. அதை எடுத்தால் கேடும் கூடவே வந்துவிடலாம். இடையில் பிரிவு முறிப்புகள் இருந்தால் அவற்றையும் இதே போல விட்டுவிடுங்கள்.

பழந்தட்டச்சர்

நிரலர் சொன்னவை திறக்காத கோப்புகளுக்குப் பொருந்தும். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும் கோப்புகள் சிதையவே இல்லை என்பது என் கருத்து. தாங்கள் சொல்லும் காலத்தில் ஒருங்குறித் தமிழ் பரவலாகப் புழக்கத்துக்கு வரவில்லை. பாமினி, திஸ்கி, 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டாம், டேப் எனப் பல குறியேற்றங்கள் ஒரே நேரத்தில் வழங்கின. பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் எழுத்துகள் அமர்ந்திருக்கும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளிக்கு உரிய விசை அரைப்புள்ளி. அரைப்புள்ளிகள் நிறையத் தெரிவதாகத் தாங்கள் சொல்வதால், அது பாமினியாகவோ அதன் வழிவந்த எழுத்துருவாகவோ இருக்க வாய்ப்பு மிகுதி. அந்த எழுத்துரு கணினியில் நிறுவப்பட்டிருந்தால் கோப்பு உடனே தமிழாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வடிவமைப்பு போனாலும் கவலையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைக் கோப்புகளில் மட்டும் அப்படி எண்ணாதீர்கள். பாமினிக் கோப்பில் எது தமிழ், எது ஆங்கிலம் என்பதைச் சொல்லும் ஒரே சான்று எழுத்துருவின் பெயர்தான். அதை வெற்று உரையாகச் சேமித்தால் அந்தச் சான்று அழிந்துவிடும். பிறகு, பழைய குறியேற்றத்தை ஒருங்குறியாக்கும் மாற்றியில் இட்டால் நெறியாளர் எழுதிய ஆங்கிலப் பொருள்விளக்கங்கள் எல்லாம் பொருளற்ற தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். வேர்டில் உள்ள "எந்தக் கோப்பிலிருந்தும் உரையை மீட்டெடு" என்ற வசதியும் எழுத்துருத் தகவலை உதறிவிடும். ஆகவே, திறக்கும் கோப்புகளை ஆர்டிஎஃப் (.rtf) என்ற கோப்பு வடிவில் வேறு பெயரில் சேமியுங்கள். அதில் எழுத்துருப் பெயர்கள் தங்கும். பிறகு தேடல் பெட்டியில் எழுத்துருவை மட்டும் குறிப்பிட்டு, அந்த எழுத்துருவில் உள்ள பகுதிகளைத் தனியே தேர்ந்தெடுத்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். திஸ்கி, டேப் கோப்புகளில் இந்தச் சிக்கல் இல்லை. முதல் 128 இடங்கள் ஆங்கிலத்துக்கு என்றே விடப்பட்டிருப்பதால் இரண்டும் கலந்திருந்தாலும் பிரித்துவிடலாம்.

மாற்றிய பிறகு மெய்ப்பு பார்க்கும்போது எகர, ஏகார, ஐகாரக் குறிகளைக் கூர்ந்து கவனியுங்கள். பழைய குறியேற்றங்களில் "கெ" என்பதன் கொம்பு, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ககரத்துக்கு முன்னால் சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியில் அது ககரத்துக்குப் பின்னால் வரும். மாற்றி இதைத் தானே சரிசெய்துவிடும் என்றாலும், ஒரு சொல்லின் நடுவே எழுத்துரு மாறியிருந்தால் கொம்பு துண்டாகி, புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். அந்த வட்டங்கள் நிற்கும் இடமெல்லாம் மூலத்தோடு ஒப்பிட வேண்டிய இடம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வேர்டின் தானியங்கித் திருத்தமும் அந்நாளில் பாமினித் தட்டச்சைப் பெரிதும் கெடுத்திருக்கிறது. வரியின் முதல் சொல்லில் பொருந்தாத எழுத்து இருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள்.

பழைய வட்டு

பின்னொட்டில்லாத ஆங்கிலக் கோப்புகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவை 1978இல் வெளிவந்த வேர்ட்ஸ்டார் மென்பொருளின் கோப்புகள் என்றே தோன்றுகிறது. அது தன் ஆவணங்களில் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்துக்கும் எட்டாவது பிட்டை ஏற்றி, அதாவது அதன் எண் மதிப்பில் 128ஐக் கூட்டி வைக்கும். அதனால்தான் கடைசி எழுத்து மட்டும் வேறு குறியாகத் தெரிகிறது. ஒவ்வொரு பைட்டிலும் 128 அல்லது அதற்கு மேல் இருந்தால் 128ஐக் கழித்துவிடும் சிறு நிரல் ஒன்று போதும்; உரை முழுவதும் திரும்பிவிடும். புள்ளியில் தொடங்கும் தனி வரிகள் பக்க அமைப்புக் கட்டளைகள்; அவற்றை நீக்கிவிடலாம்.

ஏட்டுச்சுவடி

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மூலங்களைப் பூட்டிவிட்டேன். பாமினி நிறுவியதும் முதல் வகைக் கோப்புகள் அனைத்தும் தமிழாகவே தெரிகின்றன. உறைந்த கோப்பில் ஓர் அட்டவணை நீங்கலாக எல்லாம் கிடைத்துவிட்டது.

திறக்காத கோப்புகளை லிப்ரே ஆபிஸும் ஏற்கவில்லை. உரை எடிட்டரில் யூடிஎஃப்-16 ஆகத் திறந்தபோது பதிவுகள் தெரிந்தன. ஆனால் அவை வரிசையில் இல்லை. ககர வரிசைக்கு நடுவே நகரப் பதிவுகள் வருகின்றன. ஒரே சொல் இரண்டு இடங்களில் வெவ்வேறு பொருள்விளக்கத்தோடு இருக்கிறது. எதை நெறியாளரின் இறுதி முடிவாகக் கொள்வது?

நிரலர்

அந்தக் குழப்பத்துக்கு "விரைவுச் சேமிப்பு" காரணமாக இருக்கலாம். அக்காலப் பதிப்புகளில் இந்த வசதி இயக்கத்தில் இருந்தால், கோப்பு முழுவதையும் மறுபடி எழுதாமல், மாற்றங்களை மட்டும் இறுதியில் சேர்த்துவிட்டு, எந்தத் துண்டு எங்கே வர வேண்டும் என்பதை ஒரு துண்டுப் பட்டியலில் வேர்டு குறித்துக்கொள்ளும். நீக்கிய வரிகள் பட்டியலிலிருந்து மட்டும் விலகும், கோப்பிலிருந்து விலகுவதில்லை. சிதைவுகளுக்கும் இது ஒரு காரணமாக இருந்தது. வேர்டு 2007இல் இந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். தாங்கள் கோப்பை வெற்று உரையாகப் பார்ப்பதால் பட்டியலின் துணையின்றி, எழுதப்பட்ட கால வரிசையில் துண்டுகள் தெரிகின்றன.

துண்டுப் பட்டியல் பிழைத்திருந்தால் சரியான வரிசை கிடைத்துவிடும். ஆன்டிவேர்டு என்பது டாக் கோப்பிலிருந்து உரையை மட்டும் பிரித்தெடுக்கும் சிறு கருவி. அதை ஒருமுறை முயன்று பாருங்கள். அதுவும் தோற்றால், இரண்டு இடத்தில் உள்ள பதிவுகளில் கோப்பின் பிற்பகுதியில் இருப்பதே பெரும்பாலும் பிந்தைய திருத்தம் என்று கொள்ளலாம். ஆனால் "பெரும்பாலும்" என்பதற்கு மேல் இதை உறுதியாகச் சொல்ல இயலாது. வெட்டி வேறிடத்தில் ஒட்டிய பழைய பத்தியும் பிற்பகுதிக்கு வந்திருக்கலாம். தங்களிடம் இருப்பது சொல்லடைவு என்பதால் வரிசையைப் பற்றிய கவலை வேண்டாம், அகரவரிசையில் அடுக்கிவிடலாம். இருவேறு பொருள்விளக்கம் உள்ள பதிவுகளை மட்டும், இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, கோப்பில் அவை கிடந்த பைட்டு இடத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். நெறியாளரின் நடையை அறிந்தவர் என்ற முறையில் அந்த முடிவைத் தாங்கள்தான் எடுக்க முடியும்.

இன்னொன்று: திறக்கும் கோப்புகளிலும் இப்படி நீக்கப்பட்ட பதிவுகள் மறைந்திருக்கக்கூடும். வேறு பெயரில் சேமிக்கும்போது வேர்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதி, பட்டியலில் இல்லாத துண்டுகளைக் கைவிட்டுவிடும். அவர் விலக்கிய பொருள்விளக்கங்களும் ஆய்வுக்கு உதவும் என்று தாங்கள் கருதினால், பழந்தட்டச்சர் சொன்ன ஆர்டிஎஃப் படியை மட்டும் நம்பாமல், பூட்டிய மூலத்தின் நகலை உரை எடிட்டரில் விண்டோஸ்-1252 ஆகத் திறந்து அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்.