தபால் செஸ்ஸில் ஆடிய இரண்டு குதிரை ஆட்டம்

தபாலில் செஸ் ஆடியவர்களுக்கு 5254 (52-ஆம் கட்டத்திலிருந்து 54-க்கு) என்று எழுதினாலே போதும், ராஜா முன்னால் இருக்கும் வெள்ளைச் சிப்பாய் இரண்டு கட்டம் நகர்ந்தது தெரிந்துவிடும். எதிராளியின் மொழி தெரியாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். ஓபனிங் (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகள்) புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்து ஆடலாம், விதியே அனுமதிக்கிறது. அதனால் மனப்பாடம் எடுபடாது, எந்த வழியில் இறங்குகிறோம் என்பதே முக்கியம்.

எனக்குக் கறுப்பு. கறுப்பு தன் இரண்டு குதிரைகளையும் முதலிலேயே இறக்கும் இரண்டு குதிரைத் தடுப்பு என்ற ஓபனிங்கில், வெள்ளைக் குதிரை ஜி5-க்கு (ஜி வரிசையின் 5-ஆவது கட்டம்) வந்து என் ராஜாவுக்குப் பக்கத்துச் சிப்பாய் நிற்கும் எஃப்7-ஐக் குறிவைத்ததும், அமெரிக்க வீரர் ஹான்ஸ் பெர்லினர் போன வழியில் போனேன். ஐந்தாவது உலக அஞ்சல்வழிச் சாம்பியன் பட்டத்துக்காக 1965-இல் தொடங்கிய போட்டியில் அவர் சோவியத் வீரர் எஸ்ட்ரினை வென்ற ஆட்டம் அது. எஸ்ட்ரினோ இந்த ஓபனிங்கை ஆராய்ந்து எழுதியவர்! பத்தாவது நகர்வில் பெர்லினரின் குதிரை, பிஷப் இரண்டையும் வெள்ளைச் சிப்பாய்கள் தாக்கி நிற்கின்றன. அவர் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுச் சிப்பாயை இ4-க்குத் தள்ளுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

என் எதிராளி அதுவரை வர விடவில்லை. எஸ்ட்ரின் எட்டாவது நகர்வில் ஜி5 குதிரையை இ4-க்குக் கொண்டுபோனார். என் எதிராளியோ டி4-இல் இருந்த என் குதிரையைச் சிப்பாயால் வெட்டினார். பதிலுக்கு என் ராணி ஜி5 குதிரையை வெட்டியது. அடுத்த தபால் அட்டையில் பி5 சிப்பாயை வெட்டியபடி பிஷப் செக் வந்தது. ராஜாவை டி8-க்கு நகர்த்தினேன். ராஜா நகர்ந்துவிட்டதால் இனி கோட்டை கட்ட (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றிப் பத்திரப்படுத்த) முடியாது. நேருக்கு நேர் ஆடியிருந்தால் கை நடுங்கியிருக்கும். தபாலில் பலகையை மேஜையிலேயே விட்டு, போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பார்க்கப் பார்க்க எனக்குத் தைரியம் வந்தது. என் ராணி ஜி2-ஐ முறைத்துக்கொண்டிருந்தது, பிஷப்புக்கு பி7 காத்திருந்தது.

அப்புறம் அவர் கோட்டை கட்டினார், நான் பிஷப்பை பி7-இல் வைத்தேன், அவர் ராணி எஃப்3-க்கு வந்தது. யானையால் பிஷப்புக்குக் காவல் போட்டேன். அவர் இ5 சிப்பாயை வெட்டியதும் என் டி5 குதிரை இ3-க்குப் பாய, பிஷப்பின் பார்வை நேராக அவர் ராணி மேல் விழுந்தது. ராணி எச்3-க்கு ஒதுங்கியது. ஜி2-இல் ராணிகள் வெட்டிக்கொண்டன. அதன் பிறகும் வெள்ளைக்குத்தான் கொஞ்சம் மேல்கை. நீண்ட போராட்டம், கடைசியில் டிரா.

ஐந்தாவது நகர்வில் கறுப்புக் குதிரையை ஏ5-க்குக் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு என்று பலர் சொல்வார்கள். சரிதான், ஆனால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது. வெள்ளையாக ஆடி, எட்டாவது நகர்வில் டி4 குதிரையை வெட்டியவர்கள் இருந்தால், டி8 ராஜாவை எப்படி நெருக்கினீர்கள் என்று எழுதுங்கள்.