சுண்டுவிரல் மரத்துப்போனால் அல்நார் நரம்பா, கழுத்து வேரா? சீனியர்கள் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பிசியோதெரபி மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.

முழங்கையின் உள்பக்கமாகச் சுண்டுவிரல் வரை போகும் அல்நார் நரம்பு மணிக்கட்டில் அறுந்தால் மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கி போல மடங்கிக்கொள்ளும். முழங்கையில் அறுந்தால் பாதிப்பு அதிகம், ஆனால் மடக்கம் குறைவு. விரல் நுனியை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது. இந்த இரண்டு விரல்களுக்கான பகுதிக்குப் போகும் கிளை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே பிரிந்துவிடும். மணிக்கட்டுக் காயத்தில் அது தப்பித்து விரலை இழுக்கிறது. மேலே அறுந்தால் அதுவும் செயலிழந்துவிடும். அறுந்ததைத் தைத்த பிறகு நரம்பு நாளொன்றுக்குச் சுமார் 1 மி.மீ. வளர்வதால், அருகிலுள்ள முன்கைத் தசை முந்தித் தேறி, மடக்கம் முதலில் கூடுவதும் உண்டு. பாவம், நோயாளி பயந்துவிடுவார்!

சரி, இதுவரை புரிகிறது. சிக்கல் வேறு இடத்தில். கழுத்தில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் சி8, டி1 நரம்பு வேர்கள் அழுந்தினாலும் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. முன்கையின் உள்பக்கமும் மரத்திருந்தால் வேரைச் சந்தேகிக்கலாம், அந்தத் தோலுக்கு அல்நார் போவதில்லை. ஆனால் வயதானவர்கள் பலர் "கை முழுக்க ஒரு மாதிரி இருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். அப்போது தசையைத்தானே நம்ப வேண்டும்?

கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே காகிதத்தைப் பிடிக்கச் சொல்லும் ஃப்ரோமான் சோதனை இரண்டிலுமே பாசிட்டிவ் வரலாம். அதனால் அதே வேர்களிலிருந்து இழைகள் பெறும் இன்னொரு நரம்பான மீடியன் இயக்கும் கட்டைவிரல் மேட்டுத் தசையை முதலில் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். அதுவும் தளர்ந்திருந்தால் வேர்தான் என்று சொல்லலாமா? கூடவே கார்பல் டனல் (மணிக்கட்டில் மீடியன் நரம்பு அழுந்துவது) இருந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்? நீங்கள் வார்டில் எந்த வரிசையில் சோதிக்கிறீர்கள் என்று எழுதினால் பெரிய உதவி.