அப்பாவுக்குச் சர்க்கரை நோய், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) 6.8. சோறு, இட்லியை அடியோடு விடாமல் குறைக்க முடியுமா?

தஞ்சை_வாணி கேட்டது:

அப்பாவுக்கு வயது 54. உயரம் 166 செ.மீ., எடை 76 கிலோ, வயிற்றுச் சுற்றளவு 98 செ.மீ. மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தே வேலை. போன வாரம் எடுத்த டெஸ்ட்டில் வெறும் வயிற்றில் 131, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 218, ஹெச்பிஏ1சி 6.8. சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் டெஸ்ட் நார்மல். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை 500 மி.கி. இரவு ஒன்று எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இதுவரை சாப்பாடு: காலையில் 5 இட்லி, மதியம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று முறை சோறு, இரவு 4 தோசை, நாளுக்கு நாலு காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை.

அம்மா ஒரு வாரமாக மாற்றியிருப்பது: காலையில் பாலும் நாட்டுச்சர்க்கரையும் போட்டுக் கேழ்வரகுக் கஞ்சி, இரவு 4 சப்பாத்தி உருளைக்கிழங்கு குருமாவோடு, காபிக்கும் நாட்டுச்சர்க்கரை. ஆனால் கஞ்சி குடித்து இரண்டு மணி நேரத்தில் மீட்டரில் 226 காட்டுகிறது! ஒரு நாள் இரவு சாப்பிடாமலே படுத்தார், காலையில் 138. ஒன்றும் புரியவில்லை.

எங்கே தப்பு? நடைப்பயிற்சி எப்போது, எவ்வளவு? வெந்தயம், சிறுகுறிஞ்சான் போதும், மாத்திரை வேண்டாம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். நிறுத்தலாமா?


உணவியல்_கலா பதில்:

வாணி, அம்மா நல்ல மனசோடு மாற்றியிருக்கிறார்கள், ஆனால் மாறியது தானியத்தின் பெயர் மட்டும்தான். உள்ளே போகும் மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வீட்டு இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து. நடுத்தரத் தோசையில் 20 முதல் 25. சப்பாத்தி ஒன்றுக்கு 25 முதல் 30 கிராம் மாவு பிடிக்கும், அதில் 18 முதல் 20 கிராம். நாலு தோசைக்குப் பதில் நாலு சப்பாத்தி என்றால் 90 இருந்த இடத்தில் 80. அதன் மேல் உருளைக்கிழங்கு குருமா ஊற்றினால் மிச்சம் பிடித்த பத்தும் திரும்ப வந்துவிடும்.

கேழ்வரகு கெட்டதில்லை. கஞ்சியாகக் காய்ச்சுவதுதான் சிக்கல். நைசாக அரைத்த மாவு தண்ணீரில் வெந்து குழைந்துவிட்டால் குடலுக்கு வேலையே இல்லை, உடனே ரத்தத்தில் ஏறும். 60 கிராம் மாவில் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து, இரண்டு ஸ்பூன் நாட்டுச்சர்க்கரையில் 10, பாலில் ஒரு 7. ஆக 226 வந்ததில் ஆச்சரியமில்லை. சத்துமாவுக் கஞ்சி, ஓட்ஸ் கஞ்சிக்கும் இதே கதைதான். வரகு, சாமை, தினையிலும் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்து கொஞ்சம் கூடுதல் என்பதால் "எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று அர்த்தமில்லை. நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன், பனங்கற்கண்டு எல்லாம் ரத்தத்துக்கு ஒன்றுதான். காபியில் மட்டும் நாளுக்கு எட்டு ஸ்பூன், அதாவது 40 கிராம் போகிறது. முதலில் நிறுத்த வேண்டியது அதுதான். இரண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும்.

தொடக்கத்தில் ஒரு வேளைக்கு மாவுச்சத்து 40 முதல் 45 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது காலையில் 3 இட்லி. கூடவே கெட்டியான சாம்பார் ஒரு கிண்ணம், இரண்டு அவித்த முட்டை. முட்டை சாப்பிடாத வீடு என்றால் பாசிப்பயறு தோசை இரண்டு, அல்லது அரிசி ஒரு பங்கு, பருப்பு இரண்டு பங்கு போட்டு அரைத்த அடை இரண்டு. இட்லி மாவிலேயே அரிசி 4, உளுந்து 1 என்பதை 2-க்கு 1 ஆக்கலாம். இட்லி கொஞ்சம் கனமாக வரும், அவ்வளவுதான்.

மதியம்தான் நம் வீடுகளில் தப்பு நடக்கும் இடம். சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று போடும்போது யாருக்கும் அளவு தெரிவதில்லை. வடித்த சோற்றைச் சமையல் தராசில் ஒரே ஒரு முறை 150 கிராம் நிறுத்து, அது எந்தக் கிண்ணத்தில் சரியாக நிறைகிறது என்று பார்த்து, அந்தக் கிண்ணத்தை அப்பாவுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அதில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து. அந்த ஒரு கிண்ணத்தில்தான் சாம்பாரும் குழம்பும். ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடிக்கட்டும். புழுங்கலரிசி பச்சரிசியைவிடப் பரவாயில்லை. பழையசோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், ஆனால் அதற்கும் அதே கிண்ணம்தான்.

தட்டில் பாதி காய் இருக்கட்டும். கத்தரி, வெண்டை, பீன்ஸ், கோஸ், சுரை, புடலை, பீர்க்கு, வாழைப்பூ, கீரை எல்லாம் தாராளமாக, குறைந்தது 200 கிராம். உருளை, சேனை, மரவள்ளி, வாழைக்காயைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அவை சோற்றுக் கணக்கு. கால் தட்டு புரதம்: மீன் 100 கிராம், கோழி, அல்லது கெட்டிப் பருப்பு, சுண்டல். தண்ணீராக ஓடும் சாம்பாரில் புரதம் ரொம்பக் குறைவு, ஒருவருக்குத் துவரம்பருப்பு 30 கிராமாவது வேக வேண்டும்.

சாப்பிடும் வரிசையும் முக்கியம். காயும் முட்டையும் சுண்டலும் முதலில், சோறு கடைசியில். அதே சாப்பாட்டுக்கே ஏற்றம் குறையும். கட்டணமில்லாத மருந்து இது, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.


லேப்_குமரன் பதில்:

உணவைப் பற்றி கலா மேடம் சொல்லிவிட்டார். காலையில் வந்த 138-க்கும், மீட்டர், மாத்திரை பற்றியும் நான் விளக்கம் தருகிறேன்.

138 ஏன்? விடியற்காலையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன் கூடும். கல்லீரல் தன்னிடம் உள்ள குளுக்கோஸை ரத்தத்தில் விடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பில் அதை அடக்க முடியாது. ஆகவே இரவு பட்டினி கிடந்தாலும் காலையில் சர்க்கரை ஏறும். வெறும் வயிற்று எண்தான் கடைசியில் இறங்கும். கல்லீரலில் படிந்த கொழுப்பும் வயிற்றுச் சதையும் குறையக் குறைய அதுவும் இறங்கும். பட்டினி போடாதீர்கள், ஏழரைக்குள் அளவாக இரவுச் சாப்பாடு முடிந்தால் போதும்.

மீட்டரில் அதிகம் நடக்கும் தவறுகள்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் குத்துவது. பழமோ சர்க்கரையோ தொட்ட விரல் என்றால் கன்னாபின்னாவென்று கூட்டிக் காட்டும். விரலைப் பிழிந்து ரத்தம் எடுப்பது இன்னொன்று. நுனியில் வேண்டாம், பக்கவாட்டில் குத்துங்கள், வலியும் குறைவு. ஸ்ட்ரிப் டப்பா மூடியைத் திறந்து வைத்தால் ஈரப்பதத்தில் கெட்டுவிடும். இரண்டு மணி நேரம் என்பது முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. மீட்டரில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் ஏற்கத்தக்கது, அதனால் 152-க்கும் 160-க்கும் மனசைப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

ஸ்ட்ரிப் விலை கூட. கண்டபடி குத்தாமல் ஜோடியாகப் பாருங்கள்: சாப்பிடும் முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. இந்த வாரம் காலை உணவுக்கு மூன்று நாள், அடுத்த வாரம் மதியத்துக்கு, அதற்கடுத்து இரவுக்கு. வித்தியாசம் 50-க்குள் இருந்தால் அந்தச் சாப்பாடு அப்பாவுக்கு ஒத்துவருகிறது. பொதுவான இலக்கு, வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பின் 180-க்குள். என்ன சாப்பிட்டார் என்பதையும் நோட்டில் எழுதுங்கள், எண் மட்டும் இருந்தால் டாக்டருக்கும் ஒன்றும் புரியாது.

ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினும் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி கூட்டிக் காட்டும். சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, ரத்தம் அதிகம் இழந்திருந்தாலோ குறைத்துக் காட்டும்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெட்ஃபார்மின் தனியாக எடுத்தால் சர்க்கரையைத் தாழ்நிலைக்குத் தள்ளாது. சாப்பாட்டோடு போட்டால் வயிற்றுப்போக்கு, குமட்டல் குறையும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சரியாகும். ஆகாவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம், அப்போது பார்க்க வேண்டும். வெந்தயத்தின் நார் ஓரளவு உதவும், ஒரு ஸ்பூன் ஊறவைத்துச் சாப்பிடட்டும், தடையில்லை. சிறுகுறிஞ்சான் போன்ற மூலிகைச் சூரணங்களில் மருந்தின் அளவு ஒரே சீராக இராது. எடுப்பதாக இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.


பிசியோ_செந்தில் பதில்:

நடையைப் பற்றி. வாரத்துக்கு 150 நிமிடம், தொடர்ந்து இரண்டு நாள் விடக்கூடாது. இதுதான் அடிப்படை. ஆனால் உங்கள் அப்பாவின் எண்களைப் பார்த்தால், காலையில் மொத்தமாக முக்கால் மணி நேரம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளையும் சாப்பிட்ட அரை மணிக்குள் 10 முதல் 15 நிமிடம் நடப்பதையே முதலில் சொல்வேன். சுருங்கும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமல் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். 218 ஏறும் நேரத்தில்தான் அந்த வேலை நடக்க வேண்டும். குறிப்பாக இரவுச் சாப்பாட்டுக்குப் பின், அப்போதுதான் எல்லோரும் டிவி முன் உட்காருகிறோம்.

வேகம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கல்லாவில் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து மூன்று நிமிடம். கடைக்குள்ளேயே நடக்கலாம், மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கலாம்.

பலரும் விட்டுவிடுவது தசைப் பயிற்சி. தொடையும் பிட்டமும்தான் உடம்பின் பெரிய சர்க்கரைக் கிடங்கு. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்: நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது 10 முறை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10 முறை, இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் வரை தூக்குவது கைக்கு 10 முறை. இதை இரண்டு சுற்று. சுலபமானதும் 12, 15 என்று ஏற்றி, பிறகு மூன்றாவது சுற்று. மூச்சைப் பிடித்து முக்க வேண்டாம், ரத்த அழுத்தம் ஏறும். நடக்கும்போது நெஞ்சு அழுத்தமோ மிதமிஞ்சிய மூச்சிரைப்போ வந்தால் நிறுத்திவிட்டு முதலில் இதயத்தைப் பார்க்கணும். கனமான எடை தூக்கத் தொடங்கும் முன் விழித்திரைப் பரிசோதனை முடிந்திருக்கட்டும்.

வெறுங்காலில் வேண்டாம், மண்தரையிலும். பின்வார் உள்ள செருப்பு அல்லது ஷூ, பருத்திச் சாக்ஸ்.


தஞ்சை_வாணி:

மூவருக்கும் ரொம்ப நன்றி. கலா அக்கா, 11 மணிக்கும் 4 மணிக்கும் பசி தாங்காமல் கடை பிஸ்கட்டில் கை வைக்கிறார். அதற்கு என்ன தரலாம்? அடுத்த மாதம் இரண்டு கல்யாணம் வேறு. இது முழுசாகப் போகுமா என்று அம்மா தினம் கேட்கிறார்கள்.


உணவியல்_கலா:

பசி வருவது இயல்புதான் வாணி, அதற்கும் ஏற்பாடு வேண்டும். கல்லாப் பக்கத்திலேயே டப்பா வையுங்கள். 11 மணிக்கு உப்பில்லாத வேர்க்கடலை ஒரு கைப்பிடி, அதாவது 25 கிராம், அல்லது மோர். 4 மணிக்குச் சுண்டல், காய்ந்த கடலையாக 30 கிராம் ஊறவைத்தது. பழம் என்றால் பாதி கொய்யா அல்லது சின்ன ஏலக்கி வாழைப்பழம் ஒன்று. ஜூஸ் வேண்டாம், வீட்டில் பிழிந்ததும்தான். "சுகர் ஃப்ரீ" பிஸ்கட்டில் சர்க்கரை இல்லாவிட்டாலும் மைதா இருக்கிறது.

கல்யாணப் பந்தியில் பொரியல், கூட்டு, அவியல், பருப்பை முதலில் சாப்பிட்டு, ஒரே ஒரு முறை சோறு. பாயசம் வேண்டுமா, வடையும் அப்பளமும் வேண்டாம், சோறு பாதி. முடிந்ததும் மண்டபத்தைச் சுற்றி இருபது நிமிடம் நடை. மறுநாள் பட்டினி போட்டு ஈடுகட்ட வேண்டாம்.

அம்மாவின் கேள்விக்கு: மாத்திரை இல்லாமல் குறைந்தது மூன்று மாதம் ஹெச்பிஏ1சி 6.5-க்குக் கீழே நின்றால் அதைத் தணிவு நிலை என்கிறார்கள். தொடக்கத்திலேயே பிடித்து எடையைக் குறைப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு முதல் இலக்கு 4 முதல் 5 கிலோ, மாதத்துக்கு ஒன்றரை கிலோ போதும். பழைய சாப்பாடு திரும்பினால் சர்க்கரையும் திரும்பும், அதனால் தணிந்த பிறகும் வருடா வருடம் டெஸ்ட் உண்டு.


லேப்_குமரன்:

ஒன்று விட்டுப்போனது. அப்பாவுக்கு இருப்பது போன்ற இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் கண்டுபிடித்த அன்றே விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், பாத உணர்ச்சி, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் மட்டும் நார்மல் என்று விட்டுவிடாதீர்கள், சிறுநீரில் புரதம் கசிவது அதற்கு முன்பே தெரியும். திடீரென்று எடை இறங்குவது, அடங்காத தாகம், வாந்தி, 300-க்கு மேல் விடாமல் நிற்பது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

நீங்களும் உங்கள் உடன்பிறந்தவர்களும் வெறும் வயிற்றிலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் ஒருமுறை பாருங்கள். சென்னையில் நடந்து 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் வாசலில் நின்ற 531 பேரில், எதையும் மாற்றாத பிரிவில் மூன்று ஆண்டில் 55 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றிய பிரிவில் அது 39 சதவீதம். உங்கள் இரண்டு மணி நேர எண் 140-க்கும் 199-க்கும் நடுவில் வந்தால் கலா மேடம் எழுதிய அதே கிண்ணத்தை உங்களுக்கும் ஒன்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.